ஐரோப்பாவில் ஸ்டேபிள்காயின் வெளியிட லைசென்ஸ்: விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுங்கள்

யூரோ, டாலர், தங்கம் போன்ற ஒன்றின் மதிப்பிலேயே நிற்கும்படி உருவாக்கிய கிரிப்டோ டோக்கன்தான் ஸ்டேபிள்காயின். ஐரோப்பாவில் அதை வெளியிட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும்?" என்பதுதான். கண்காணிப்பு அதிகாரிகள் மனதில் இருப்பது வேறு கேள்வி. உங்கள் டோக்கனை வைத்திருக்கும் யாரோ ஒருவர், நீங்கள் இதுவரை பார்த்தே இராத ஒருவர், ஒரு நாள் வந்து "என் யூரோவைத் திருப்பிக் கொடு" என்றால் எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு கொடுப்பீர்கள்? நூற்றுக்கணக்கான பக்கம் விண்ணப்பம் போட்டாலும் அவர்கள் அதில் தேடுவது இதற்கான பதிலைத்தான். அதனால் படிகளை விண்ணப்பப் படிவத்தின் வரிசையில் சொல்லாமல், வேலை நடக்க வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

எல்லோரும் மிகா என்று சொல்வது, கிரிப்டோ சொத்துச் சந்தைகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 2023/1114 எண் ஒழுங்குமுறை. 2023 ஜூன் 29 அன்று அமலுக்கு வந்தாலும் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் செயல்படத் தொடங்கவில்லை. ஸ்டேபிள்காயின் பற்றிய இரண்டு பகுதிகள் 2024 ஜூன் 30 முதல் செல்லுபடியாயின. கிரிப்டோ வாங்க விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகள், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வாலட் நிறுவனங்கள் போன்ற சேவைக்காரர்களுக்கான பகுதி 2024 டிசம்பர் 30 முதல்.

ஸ்டேபிள்காயினுக்கு ஏன் ஆறு மாதம் முன்னதாக? 2019 ஜூனில் ஃபேஸ்புக் லிப்ரா திட்டத்தை அறிவித்தபோது, தனியார் கம்பெனி ஒன்று கோடிக்கணக்கான மக்களிடையே பணம் போலவே ஒன்றைப் புழங்கவிடலாம் என்பது ஐரோப்பிய மத்திய வங்கிகளுக்கு உறைத்தது. லிப்ரா பிறக்கவே இல்லை. ஆனால் அந்தப் பயம் இந்தச் சட்டத்தின் பல விதிகளில் இருக்கிறது. அல்காரிதத்தால் டாலர் மதிப்பைப் பிடித்து நிற்க முயன்ற டெர்ரா யூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் 2022 மே மாதம் சரிந்தபோது அந்தப் பயம் வீண் இல்லை என்றும் ஆயிற்று.

படி 1: உங்கள் டோக்கன் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

மிகாவில் "ஸ்டேபிள்காயின்" என்று ஒரு தனி வகை கிடையாது. இருப்பவை இரண்டு. ஒரே ஓர் அரசாங்க நாணயத்தின் மதிப்பை மட்டும் பின்பற்றினால் அது இ-மணி (மின்னணுப் பண) டோக்கன்; சுருக்கமாக இஎம்டி. ஒரு யூரோவுக்கு ஒரு டோக்கன், ஒரு டாலருக்கு ஒரு டோக்கன் என்பதெல்லாம் இதில் வரும். தங்கம், பல நாணயங்கள் சேர்ந்த கூடை, வேறு கிரிப்டோ, இவற்றின் கலவை என வேறு எதைப் பின்பற்றினாலும் அது சொத்துசார் டோக்கன், சுருக்கமாக ஏஆர்டி.

"எங்களுடையது அல்காரிதம், கையிருப்பே தேவையில்லை" என்று சொல்லி இரண்டிலிருந்தும் நழுவ முடியாது. மதிப்பு நிலையாக இருக்கும் என்று சொல்லி ஒரு நாணயத்தையோ சொத்தையோ காட்டினால் இரண்டில் ஒன்றில் விழுவீர்கள். விழுந்த பிறகு கையிருப்பு கட்டாயம். டெர்ரா மாதிரி திட்டத்துக்கு ஐரோப்பாவில் வாசல் இப்படித்தான் மூடப்பட்டது. தடை என்று ஒரு வார்த்தைகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: இஎம்டி பாதையில் போங்கள். ஏஆர்டி பாதை காகிதத்தில் இருக்கிறது, ஆனால் நடந்து கடந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஸ்டேபிள்காயின் விதிகள் வந்த முதல் ஓராண்டில் இஎம்டி வெளியிடுபவர்கள் பத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். ஏஆர்டி அனுமதி ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பாதையில் என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

படி 2: யார் வெளியிடப் போகிறார்கள்?

இஎம்டி வெளியிட இரண்டே பேருக்குத்தான் உரிமை உண்டு: வங்கி, அல்லது இ-மணி நிறுவனமாக அங்கீகாரம் பெற்ற கம்பெனி. ஆக "ஸ்டேபிள்காயின் லைசென்ஸ்" என்று மக்கள் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் இ-மணி லைசென்ஸ்தான். அது 2009-ஆம் ஆண்டின் இ-மணி வழிகாட்டுச் சட்டத்திலிருந்து வருவது. பிரீபெய்ட் கார்டு கம்பெனிகள் பல ஆண்டுகளாக வாங்கி வரும் அதே லைசென்ஸ். மிகா அதன் மேல் இன்னொரு அடுக்கை வைக்கிறது.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ பதிவான கம்பெனி நேரடியாக விண்ணப்பம் போட முடியாது. ஐரோப்பாவில் ஒரு சட்டபூர்வ நிறுவனம், அங்கே உட்கார்ந்து முடிவெடுக்கும் ஆட்கள், அங்கே தலைமை அலுவலகம் வேண்டும். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: யூரோவைப் பின்பற்றும் டோக்கனை எங்கிருந்து வெளியிட்டாலும், அது ஐரோப்பிய ஒன்றியப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு யூரோ டோக்கன் விட்டால் கேள்வி வராது என்று நினைக்க வேண்டாம்.

யார் யார் எந்த வழியில் போனார்கள் என்று பார்த்தால் தெளிவாகும். அமெரிக்காவின் சர்க்கிள் தன் பிரெஞ்சு நிறுவனத்துக்கு அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான ஏசிபிஆரிடம் இ-மணி லைசென்ஸ் வாங்கி, 2024 ஜூலை 1 அன்று தன் டாலர் டோக்கனான யூஎஸ்டிசி, யூரோ டோக்கனான யூரோசி இரண்டையும் மிகாவுக்குள் கொண்டுவந்தது. சொசியேட்டே ஜெனரால் வங்கியின் ஃபோர்ஜ் நிறுவனமும் பிரான்சில் இதே வழி. லக்சம்பர்க்கின் பேங்கிங் சர்க்கிள் ஏற்கெனவே வங்கி என்பதால் தனி லைசென்ஸ் தேடாமல் யூரோ டோக்கனை வெளியிட்டது. நெதர்லாந்தில் குவான்டோஸ், மால்டாவில் ஸ்டேபிள்ஆர், ஐஸ்லாந்தில் மிகாவுக்கு வெகு முன்பே 2019-இல் இ-மணி லைசென்ஸ் பெற்ற மொனேரியம். ஜெர்மனியில் டிடபிள்யூஎஸ், கேலக்ஸி, ஃபுளோ டிரேடர்ஸ் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய ஆல்யூனிட்டிக்கு 2025 ஜூலையில் அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான பாஃபின் லைசென்ஸ் கொடுத்தது.

மூன்றாவது வழியும் உண்டு: லைசென்ஸ் உள்ள கம்பெனியையே வாங்கிவிடுவது. அமெரிக்காவின் பாக்சோஸ், ஃபின்லாந்தின் மெம்பிரேன் ஃபைனான்ஸை வாங்கி உள்ளே வந்தது. இது குறுக்கு வழி மாதிரி தெரியும். ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பங்கு வாங்க அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். வாங்குபவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டுவார்கள். நேரம் மிச்சமாகலாம். கேள்விகள் குறையாது.

படி 3: நாடு

இதற்கு அதிக நேரம் செலவழிக்காதீர்கள். ஒரு நாட்டில் அனுமதி வாங்கினால் ஒன்றியம் முழுவதும் செல்லும். அதனால் உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், உங்களுக்குக் கணக்குத் திறந்துதரும் வங்கி எங்கே இருக்கிறது என்பதை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது மட்டும் சரியாகத் தெரிந்திருக்கட்டும். பிரான்சில் ஸ்டேபிள்காயின் வெளியீடு ஏசிபிஆரிடம், எக்ஸ்சேஞ்ச் சேவை நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான ஏஎம்எஃபிடம். நெதர்லாந்தில் முதலாவது டச்சு மத்திய வங்கியிடம், இரண்டாவது அங்குள்ள நிதிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஃப்எம்மிடம். ஜெர்மனியில் பாஃபின். லிதுவேனியா, அயர்லாந்து இரண்டிலும் மத்திய வங்கியே. எல்லா நாட்டிலும் ஒரே ஆளிடம் இரண்டையும் பேசலாம் என்று போய் நிற்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கு முன்பே அதிகாரிகளோடு முன்பேச்சுக் கூட்டம் கேட்கலாம். கேளுங்கள். டோக்கன் எந்த வகை என்பதில் கருத்து வேறுபாடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: பணம் திருப்பிக் கொடுக்கும் நாளை முதலில் எழுதுங்கள்

சட்டப்படி பணம் திருப்பும் திட்டத்தையும், நெருக்கடியில் நிலைமையைச் சரிசெய்யும் மீட்புத் திட்டத்தையும் பொதுமக்களுக்கு டோக்கன் வழங்கத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அதனால் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மற்ற எல்லா ஆவணமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

விதி எளிமையானது. இஎம்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வெளியிட்ட நிறுவனத்தின் மேல் நேரடி உரிமை உண்டு. எப்போது கேட்டாலும், முகமதிப்பில், முழுத் தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாதாரண நிலையில் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. "எங்களிடம் நேரடியாக வாங்கிய பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று வரையறை வைக்க வழியில்லை.

இந்தக் கடைசி வரிதான் ஆளைத் திணறடிக்கும். ஒரு காட்சியைப் படிப்படியாக எழுதிப் பாருங்கள். போர்த்துகலில் ஒருவர் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் வாங்கிய 1,200 டோக்கன் அவருடைய சொந்த வாலட்டில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு உங்கள் தளத்துக்கு வந்து திருப்பிக் கேட்கிறார். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அடையாள ஆவணம் வாங்க வேண்டும். அந்த வாலட் முகவரி தடைப்பட்டியலில் இருக்கிறதா, டோக்கன் இடையில் எங்கெல்லாம் போய் வந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு அவர் டோக்கனை உங்கள் முகவரிக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் செபா (ஐரோப்பிய வங்கிகளுக்கிடையே யூரோ அனுப்பும் முறை) வழியாக 1,200 யூரோவை அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். வந்த டோக்கனை அழிக்க வேண்டும்; கையிருப்புக் கணக்கில் 1,200 குறைய வேண்டும்; மொத்தப் புழக்கமும் கையிருப்பும் மறுபடி ஒத்துப்போக வேண்டும்.

இதில் எந்த இடத்தில் மனிதர் பார்க்கிறார், எந்த இடத்தில் நிரல் செய்கிறது? யூரோ போய்விட்டது, டோக்கன் அழிப்பு பிளாக்செயினில் தோற்றுவிட்டது என்றால் என்ன? ஆவணம் தர மறுத்தால் என்ன? அவர் வாலட் அரசாங்கத் தடைப்பட்டியலில் இருந்தால் டோக்கனை முடக்கும் வசதி உங்கள் ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது டோக்கனை இயக்கும் பிளாக்செயின் நிரலில், இருக்கிறதா, அந்தச் சாவி யார் கையில்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி எழுதினால் உங்கள் பணமோசடித் தடுப்புக் கையேடு, தகவல் பாதுகாப்புக் கொள்கை, கணக்கு ஒப்பீட்டு முறை மூன்றின் வரைவும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஆலோசனைக் கம்பெனியிடம் வாங்கும் ஆயத்த ஆவணங்களில் இந்தச் சனிக்கிழமை இரவு இருக்காது. அதிகாரிகளின் கேள்விகள் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகு மோசமான நாளையும் எழுதுங்கள். ஒரே நாளில் புழக்கத்தில் பாதி திரும்பி வந்தால்? மீட்புத் திட்டத்தில் திருப்பும் தொகைக்குத் தற்காலிகக் கட்டணம், நாளுக்கு இவ்வளவு என்ற வரம்பு, நிறுத்திவைப்பு போன்றவற்றுக்கு இடம் உண்டு. எப்போது எதைப் பயன்படுத்துவீர்கள், யார் முடிவெடுப்பார்கள் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். கம்பெனியே மூடும் நிலை வந்தால் எல்லோருக்கும் சமமாக எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது தனித் திட்டம்.

படி 5: கையிருப்பு, அதற்கு முன் வங்கி

இஎம்டி விற்று வாங்கிய பணத்தில் குறைந்தது 30 சதவீதம் எப்போதும் வங்கிகளில் தனிக் கணக்குகளில் இருக்க வேண்டும். மீதியை, ஆபத்துக் குறைந்த, உடனே காசாக்கக்கூடிய பத்திரங்களில் போடலாம். டோக்கன் எந்த நாணயமோ அதே நாணயத்தில்தான். யூரோ டோக்கனுக்கு டாலர் கருவூலப் பத்திரம் வாங்கி வட்டி அதிகம் பார்க்கலாம் என்ற கணக்கு செல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 கோடி யூரோ டோக்கன் புழக்கத்தில் இருந்தால் 1.2 கோடி வங்கியில், 2.8 கோடி வரை குறுகிய காலப் பத்திரங்களில். உங்கள் கம்பெனியின் சொந்தப் பணம் இந்தக் கணக்குகளோடு ஒரு யூரோகூடக் கலக்கக் கூடாது. கம்பெனி திவாலானாலும் கடன்காரர்கள் இதைத் தொட முடியாதபடி பிரித்து வைக்க வேண்டும்.

அந்த 30 சதவீதத்துக்கு எதிர்ப்பும் இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்தை வங்கி கடன் கொடுத்துவிடும், வங்கி விழுந்தால் ஸ்டேபிள்காயினும் சேர்ந்து விழும் என்று யூஎஸ்டிடி என்ற டாலர் டோக்கனை வெளியிடும் டெதரின் தலைவர் பாவ்லோ ஆர்டோய்னோ வெளிப்படையாகவே சொன்னார். டெதர் மிகா அனுமதிக்கு விண்ணப்பிக்கவில்லை. தன் யூரோ டோக்கனையும் 2024 நவம்பரில் நிறுத்துவதாக அறிவித்தது. அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ள முடியாது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது சர்க்கிளின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது; மொத்தக் கையிருப்பில் அது ஏறக்குறைய 8 சதவீதம்தான். ஆனாலும் அந்த வார இறுதியில் யூஎஸ்டிசி 90 சென்ட்டுக்குக் கீழே போனது. அமெரிக்க அரசு வைப்புத்தொகைகளுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. இதிலிருந்து எனக்குப் படுவது: வங்கியில் போடுவதே தவறு என்பதல்ல, ஒரே வங்கியில் போடாதீர்கள் என்பது. விண்ணப்பத்தில் எத்தனை வங்கி, எதில் எவ்வளவு, ஒன்று விழுந்தால் எவ்வளவு நேரத்தில் மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள்.

நடைமுறையில் இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். லைசென்ஸ் வருவதற்கு முன்பே கையிருப்புக் கணக்குக்கு வங்கியின் சம்மதம் வேண்டும்; பல வங்கிகள் கிரிப்டோ என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்துகின்றன. ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன் வங்கியைத் தேடுங்கள். எழுத்தில் சம்மதம் தரும் இரண்டு வங்கிகள் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வட்டியைப் பற்றியும் தெளிவாக இருங்கள். டோக்கன் வைத்திருப்பவருக்கு வட்டி கொடுக்கக் கூடாது. "வட்டி இல்லை, பரிசுப் புள்ளி" என்று பெயர் மாற்றினாலும், எவ்வளவு நாள் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் எந்தப் பலனும் வட்டியாகவே கருதப்படும். எக்ஸ்சேஞ்சுக்கும் இதே தடை. கையிருப்பின் வருமானம் உங்களுக்கு. அதுதான் தொழிலின் ஒரே பெரிய வரவு என்பதால் வட்டி விகிதம் இறங்கினால் உங்கள் வரவும் இறங்கும். மூன்றாண்டு வரவுசெலவுக் கணிப்பில் அந்த மோசமான நிலையையும் ஒரு பத்தியில் காட்டுங்கள்.

படி 6: சொந்த மூலதனம்

இ-மணி நிறுவனத்துக்குத் தொடக்க மூலதனம் 3.5 லட்சம் யூரோ. பிறகு புழக்கத்தின் சராசரியில் 2 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. அதாவது 1.75 கோடி யூரோ புழக்கம் வரை 3.5 லட்சம் போதும். மேலே சொன்ன 4 கோடிக்கு 8 லட்சம் வேண்டும். டோக்கன் நன்றாக விற்பனையாகும்போதுதான் மூலதனம் போதாமல் போகும் என்பதைப் பங்குதாரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 7: கோப்பு

இ-மணி விண்ணப்பத்தில் கேட்பவை நீளமான பட்டியல்: தொழில் திட்டம், மூன்றாண்டு நிதிக் கணிப்பு, மூலதனச் சான்று, வாடிக்கையாளர் பணத்தைப் பாதுகாக்கும் முறை, நிர்வாக அமைப்பு, உள்கட்டுப்பாடு, புகார் மற்றும் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் முறை, தொழில் தொடர்ச்சித் திட்டம், பணமோசடித் தடுப்பு, பெரிய பங்குதாரர்கள் யார், இயக்குநர்களின் தகுதி, தணிக்கையாளர். படி 4-ஐ ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கும்.

இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது ஆட்கள். இயக்குநர்களில் கட்டணச் சேவையோ வங்கியோ தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே உட்கார்ந்த குழுவை அதிகாரிகள் விரும்புவதில்லை. பணமோசடித் தடுப்பு அதிகாரி பெயரளவுக்கு இருந்தால் நேர்காணலிலேயே பிடித்துவிடுவார்கள். இரண்டாவது டோரா என்று சொல்லப்படும் டிஜிட்டல் உறுதித்தன்மைச் சட்டம், 2025 ஜனவரி 17 முதல் அமலில் இருப்பது. உங்கள் கிளவுட் நிறுவனம், வாலட் சாவி வைத்திருக்கும் நிறுவனம், பிளாக்செயின் கண்காணிப்பு மென்பொருள் நிறுவனம் எல்லாவற்றோடும் போட்ட ஒப்பந்தங்கள் அதன் விதிப்படி இருக்க வேண்டும். பழைய ஒப்பந்தங்களைத் தூசி தட்டி மறுபடி பேச வேண்டி வரும். அது மாதக்கணக்கில் இழுக்கும்.

முழுமையான கோப்பு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். "முழுமையான" என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் காலம் கரைகிறது. கேள்வி வரும், பதில் போகும், அந்தப் பதிலிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி வரும். ஓராண்டு என்று திட்டமிட்டு, அதற்கான சம்பளப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

படி 8: ஒயிட் பேப்பரும் இரண்டு அறிவிப்புகளும்

லைசென்ஸ் கையில் வந்தாலும் அன்றைக்கே டோக்கன் வெளியிட முடியாது. பொதுமக்களுக்கு வழங்கப்போவதை 40 வேலை நாட்களுக்கு முன்பும், ஒயிட் பேப்பரை (டோக்கனைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளக்கும் ஆவணத்தை) வெளியிடுவதற்கு 20 வேலை நாட்களுக்கு முன்பும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறைகளைக் கழித்தால் 40 வேலை நாள் என்பது இரண்டு மாதம். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்துவிட்டு இதை எண்ணாதீர்கள்.

இஎம்டி ஒயிட் பேப்பருக்கு முன் ஒப்புதல் கிடையாது. முதல் பக்கத்திலேயே "இந்த ஆவணத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த அதிகாரியும் அங்கீகரிக்கவில்லை, உள்ளடக்கத்துக்கு வெளியிட்டவரே முழுப் பொறுப்பு" என்ற பொருளில் வாசகம் போட வேண்டும். வைப்புத்தொகைக் காப்பீடு இதற்கு இல்லை என்பதும், எந்நேரமும் முகமதிப்பில் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு என்பதும் இருக்க வேண்டும். டோக்கன் விற்பதற்கான ஆவணத்தில் எச்சரிக்கைதான் முதல் வரி என்பது மார்க்கெட்டிங் ஆட்களுக்குக் கசக்கும். கசக்கட்டும். தவறான தகவலால் யாருக்காவது நஷ்டம் வந்தால் கம்பெனி மட்டுமல்ல, இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2025 டிசம்பர் 23 முதல் ஒயிட் பேப்பரைக் கணினி படிக்கக்கூடிய வடிவத்தில் தர வேண்டும். சாதாரண பிடிஎஃப் போதாது. ஒயிட் பேப்பர் வெளியாகும் முன் விளம்பரம் செய்யவும் கூடாது. "விரைவில் வருகிறது" என்று சமூக ஊடகத்தில் கை துறுதுறுக்கும் நண்பர்களிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எஸ்மா எனப்படும் ஐரோப்பியப் பத்திரங்கள் மற்றும் சந்தைகள் ஆணையத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும். டோக்கன் வாங்குகிறவர்களும் எக்ஸ்சேஞ்சுகளும் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். மிகாவுக்கு உட்படாத ஸ்டேபிள்காயின்களை 2025 முதல் காலாண்டு முடிவதற்குள் எக்ஸ்சேஞ்சுகள் விலக்கிவிட வேண்டும் என்று எஸ்மா ஜனவரியில் சொன்னது. அந்த மார்ச் இறுதியில் பைனான்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு யூஎஸ்டிடி ஸ்பாட் வர்த்தகத்தை (உடனடியாக வாங்கி விற்பதை) நிறுத்தியது. பட்டியலில் இல்லாவிட்டால் சந்தையில் இடமில்லை.

ஏஆர்டி பாதையில் போக நினைப்பவர்களுக்கு

விண்ணப்பம் முழுமையா என்று பார்க்க 25 வேலை நாள். மதிப்பிட்டு வரைவு முடிவு எழுத 60. அந்த வரைவு ஐரோப்பிய வங்கி ஆணையம், எஸ்மா, ஐரோப்பிய மத்திய வங்கி மூன்றுக்கும் போய்க் கருத்து வர 20. பிறகு இறுதி முடிவுக்கு 25. பணக்கொள்கைக்கோ கட்டண அமைப்புகளுக்கோ ஆபத்து என்று மத்திய வங்கி சொல்லிவிட்டால் அனுமதி மறுக்கப்பட்டே ஆக வேண்டும். இங்கே ஒயிட் பேப்பருக்கும் ஒப்புதல் வேண்டும். 50 லட்சம் யூரோவுக்கு மேல் போகாத சிறிய வெளியீட்டுக்கு அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஒயிட் பேப்பரிலிருந்து இல்லை.

எதீனாவின் ஜெர்மன் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் யூஎஸ்டிஇ டோக்கன் டாலர் மதிப்பைக் குறிவைத்தது. பின்னால் இருந்ததோ வங்கிப் பணம் அல்ல, கிரிப்டோவும், அதன் விலை மாற்றத்தை ஈடுகட்டப் போட்ட டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களும். சட்டம் அமலாகும் முன்பே புழக்கத்தில் இருந்த டோக்கன்களுக்கு, 2024 ஜூலை 30-க்குள் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை தொடரலாம் என்ற சலுகை இருந்தது. எதீனா ஏஆர்டி அனுமதிக்கு விண்ணப்பித்து அதைப் பயன்படுத்திக்கொண்டது. 2025 மார்ச் 21 அன்று பாஃபின், நிறுவன அமைப்பில் கடுமையான குறைகள், கையிருப்பு மற்றும் மூலதன விதிகளின் மீறல் என்று காரணம் காட்டிப் பொதுமக்களுக்கு வழங்குவதைத் தடுத்து, கையிருப்பையும் முடக்கியது. நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று ஜெர்மனியிலிருந்து வெளியேறியது. டோக்கன் வைத்திருந்தவர்களுக்குப் பாஃபின் மேற்பார்வையில் பணம் திருப்பும் காலம் கொடுக்கப்பட்டது. அங்கேயும் கடைசியில் வந்து நின்றது பணம் திருப்பும் திட்டத்தில்தான்.

வெளியிட்ட பிறகு: வளர்ந்தால் என்ன ஆகும்

ஒரு கோடிக்கும் மேற்பட்ட வைத்திருப்பவர்கள், 500 கோடி யூரோவுக்கு மேல் மதிப்பு, நாளுக்குச் சராசரியாக 25 லட்சம் பரிவர்த்தனையும் 50 கோடி யூரோவும் தாண்டுவது, சர்வதேச அளவில் பரவியிருப்பது போன்ற அளவுகோல்களில் மூன்று பொருந்தினால் உங்கள் டோக்கன் "முக்கியமானது" என்று அறிவிக்கப்படும். அப்போது ஐரோப்பிய வங்கி ஆணையமும் நேரடியாகக் கண்காணிக்கும். இ-மணி நிறுவனமாக இருந்தால் மூலதனம் 3 சதவீதமாகும், வங்கியில் வைக்க வேண்டியது 60 சதவீதமாகும். நம் உதாரணத்து 4 கோடிக்கு அது நடக்காது. கனவு பெரிதாக இருந்தால் மட்டும் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டாலர் டோக்கன் வெளியிடுகிறவர்கள் இன்னொரு எல்லையையும் பார்க்க வேண்டும். ஒன்றிய நாடுகளின் நாணயம் அல்லாத ஒன்றைப் பின்பற்றும் இஎம்டியில் 10 கோடி யூரோவுக்கு மேல் புழக்கம் போனால் காலாண்டு அறிக்கை கட்டாயம். யூரோ மண்டலம் போன்ற ஒரே நாணயப் பகுதிக்குள் அதைப் பொருள் வாங்கவும் கட்டணம் செலுத்தவும் பயன்படுத்துவது, காலாண்டுச் சராசரியில் நாளுக்கு 10 லட்சம் பரிவர்த்தனையையும் 20 கோடி யூரோவையும் தாண்டினால் புதிதாக வெளியிடுவதை நிறுத்த வேண்டும். மறுபடி எப்படிக் குறைப்பீர்கள் என்ற திட்டத்தை 40 வேலை நாட்களுக்குள் அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்துவது எது, கிரிப்டோ வாங்கி விற்பது எது என்று பிரித்தால்தான் இந்த எண் கிடைக்கும். அந்தப் பிரிப்பைச் செய்யும் மென்பொருளை டோக்கன் வெளியிடும் முதல் நாளிலிருந்தே ஓடவிடுங்கள். பின்னால் பழைய பரிவர்த்தனைகளைத் தோண்டி வகைப்படுத்துவது பெரும்பாடு.